‘ஹெப்பாரின் ஆகாது’ என்ற குறிப்பும் அதன் மூன்று பொருள்களும்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினைப் பற்றி, நோயாளியின் கோப்பில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் ‘ஹெப்பாரின் ஆகாது’ என்று எழுதிவைத்திருப்பார்கள். அதைப் படிக்கும் மருத்துவருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். ஏன் கூடாது, அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்பவை அந்த இரண்டு சொற்களில் இருக்காது. உடலுக்குள் எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருந்ததால் ஒருவர் அப்படி எழுதியிருக்கலாம். ஊசி போட்ட இடம் சிவந்து தடித்து அரித்ததால் இன்னொருவர் எழுதியிருக்கலாம். ஹெப்பாரின் செலுத்தியதாலேயே, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிந்து, புதிய ரத்தக்கட்டிகள் உண்டானதைக் கண்டு மூன்றாமவர் எழுதியிருக்கலாம். காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டியோடு படுத்திருக்கும் ஒருவருக்கு இந்த மூன்று காரணங்களும் மூன்று வெவ்வேறு சிகிச்சைகளைக் கேட்கின்றன. முதலாவதும் மூன்றாவதும் ஏறத்தாழ நேரெதிரானவை: முதலாமவருக்கு உறைதலைத் தடுக்கும் எந்த மருந்தும் இப்போதைக்குக் கூடாது, மூன்றாமவருக்கோ வேறொரு உறைதல் தடுப்பு மருந்தை அன்றைக்கே முழு அளவில் தொடங்கியாக வேண்டும்.

ஹெப்பாரின் ஒரு நூற்றாண்டைத் தாண்டிய மருந்து. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹவலின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய், உறையவிடாமல் தடுக்கும் பொருளைக் கண்டார். நாயின் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்ததால், கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹெப்பாரின் என்று பெயர் வந்தது. இன்று அது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து தயாராகிறது. அது தானாக எதையும் தடுப்பதில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினையும் பத்தாம் உறைதல் காரணியையும் முடக்கும் அதன் வேலையைப் பல நூறு மடங்கு விரைவுபடுத்துகிறது. சிரை வழியாகச் சொட்டுச்சொட்டாக ஏற்றும் இந்தச் சொட்டுமருந்தை நிறுத்தினால் சில மணி நேரத்தில் விளைவு தணிந்துவிடும். அவசரமென்றால் புரோட்டமின் கொடுத்து உடனே முறிக்கலாம். இப்படிப் பிடித்த பிடியைச் சட்டென விடக்கூடிய மருந்து வேறு அதிகமில்லை என்பதால்தான், புதிய மாத்திரைகள் எத்தனையோ வந்த பிறகும் அறுவைக் கூடத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் டயாலிசிஸ் எந்திரத்திலும் ஹெப்பாரின் தன் இடத்தை இழக்கவில்லை.

முதலில் ரத்தக்கசிவின் காரணமாக ஆகாதவர்களைப் பார்ப்போம். மூளைக்குள் நேற்று ரத்தம் கசிந்த ஒருவருக்கு இன்று தொடைச் சிரையில் கட்டி இருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே சிக்கல் ஹெப்பாரினோடு நிற்பதில்லை. உறைதலைத் தடுக்கும் எல்லா மருந்துகளுக்கும் இதே தடைதான். ஆகவே வேறு மருந்தைத் தேடுவதில் பயனில்லை. அந்தக் கட்டி பிய்ந்து இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய்விடாமல் இடையில் மறிப்பதே அப்போதைய தேவை. அதற்காக, உடலின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையில் குடைக்கம்பி போன்ற ஓர் உலோக வடிகட்டியை, கழுத்துச் சிரை அல்லது தொடைச் சிரை வழியாகச் செலுத்திப் பொருத்துகிறார்கள். வடிகட்டி கட்டியைக் கரைக்காது. புதிய கட்டி உருவாவதையும் தடுக்காது. நாள்பட அதுவே காலில் புதிய உறைவுக்குக் காரணமாகவும் ஆகலாம். எனவே கசிவு நின்று மருந்து கொடுக்கும் நிலை வந்ததும் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். நடைமுறையில் பலருக்கு அது மறந்துபோய் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடுகிறது என்பது இந்தச் சிகிச்சையின் பழைய குறை.

இதில் ஒரு முரணையும் சொல்ல வேண்டும். ரத்தக்கசிவு நின்று, ஆனால் மறுபடி வருமோ என்ற அச்சம் நீங்காத நிலையில், பல மருத்துவர்கள் முதலில் கையில் எடுப்பது ஹெப்பாரின் சொட்டுமருந்தைத்தான். சிறிய அளவில் தொடங்கலாம், மணிக்கணக்கில் கூட்டிக் குறைக்கலாம், கசிவின் அறிகுறி தெரிந்த நிமிடமே நிறுத்தி முறிக்கலாம். ஆகவே கசிவின் காரணமாக எழுதப்பட்ட ‘ஆகாது’ என்பது ‘இன்றைக்கு ஆகாது’ என்ற பொருளுடையது; அடுத்த வாரம் அதே நோயாளிக்கு அதே ஹெப்பாரின் மிகப் பொருத்தமான மருந்தாக இருக்கலாம்.

தோல் ஒவ்வாமை இவற்றில் எளியது. வயிற்றுத் தோலுக்கடியில் போடும் குறைந்த மூலக்கூறு எடையுள்ள, அதாவது சிறு துண்டுகளாக்கிய, ஹெப்பாரின் ஊசிகளைத் தொடர்ந்து போட்டுக்கொள்பவர்களில், குறிப்பாகக் கருவுற்ற பெண்களில், சில நாள்களுக்குப் பிறகு ஊசி குத்திய இடங்களில் அரிப்பும் சிவந்த தடிப்பும் தோன்றும். இது தாமதமாக வரும் ஒவ்வாமை வகை. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து அது குறையவில்லை என்று உறுதிசெய்த பிறகு, ஃபோண்டாபரினக்ஸ் போன்ற வேறு ஊசிக்கு மாறினால் பலருக்கும் தொல்லை நின்றுவிடுகிறது. ஊசி போட்ட இடத்தில் தோல் கருத்து அழுகத் தொடங்கினால் மட்டும் கதை வேறு. அது அடுத்து வரும் மூன்றாவது காரணத்தின் அடையாளமாக இருக்கக்கூடும், தட்டணுக்கள் அவ்வளவாகக் குறையாவிட்டாலும்கூட.

அந்த மூன்றாவது காரணந்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியைக் கேட்கிறது. ஹெப்பாரினால் தூண்டப்படும் தட்டணுக் குறைவு என்று அதற்குப் பெயர். மருத்துவமனைகளில் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘ஹெச்ஐடி’ என்பார்கள். பெயரே ஒருவகையில் ஏமாற்றுவது. தட்டணுக் குறைவு என்றதும் ரத்தம் நிற்காமல் கசியும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. இந்த நோயில் கசிவு அரிது. கட்டிதான் ஆளைக் கொல்கிறது. உறைதலைத் தடுக்கக் கொடுத்த மருந்தே உறைதலைக் கிளப்பிவிடுகிறது.

1958இல் அமெரிக்க அறுவை மருத்துவர்களான வைஸ்மனும் டோபினும், ஹெப்பாரின் சிகிச்சையில் இருந்தபோதே தமனிகளில் அடைப்பு ஏற்பட்ட 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அடைப்பைத் திறந்து வெளியே எடுத்த கட்டிகள் வழக்கமான கருஞ்சிவப்பு நிறத்தில் இல்லாமல் வெளிறி, மென்மையாக இருந்தன. அவற்றில் சிவப்பணுக்களைவிடத் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதமும் மிகுதி என்பதால் பின்னாளில் ‘வெள்ளைக் கட்டி’ என்ற பெயரும் இந்நோய்க்கு வழங்கியது. தட்டணுக்கள் குறைவதற்கும் நோயெதிர்ப்பு அமைப்புக்கும் உள்ள தொடர்பு 1973இல் வெளியான ஆய்வில்தான் துலங்கியது. நோயெதிர்ப்பு அமைப்பு குறிவைப்பது தனி ஹெப்பாரினை அல்ல, ஒரு கூட்டுப்பொருளை என்பதை 1992இல் பிரான்சில் அமிரால் குழுவினர் காட்டினர்.

அந்தக் கூட்டுப்பொருள் உருவாகும் விதம் இது. தட்டணுக்கள் தமக்குள் ‘பிளேட்லெட் காரணி 4’ என்ற நேர்மின்னேற்றமுள்ள சிறு புரதத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஹெப்பாரின் எதிர்மின்னேற்றம் மிகுந்த நீண்ட சர்க்கரைச் சங்கிலி. இரண்டும் சரியான விகிதத்தில் கலந்தால் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு பெரிய திரளாகின்றன. அந்தத் திரளில் புரதத்தின் வடிவம் சற்றே மாறிவிடுகிறது. உடல் அதை அந்நியப் பொருளென்று நினைத்து எதிர்ப்புரதங்களைச் செய்கிறது. எதிர்ப்புரதத்தின் ஒரு முனை திரளைப் பிடிக்க, மறுமுனை தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்த, தட்டணு விழித்துக்கொள்கிறது. விழித்த தட்டணு மேலும் காரணி 4ஐக் கொட்டுகிறது. கொட்டியது மேலும் திரளாகிறது. வெள்ளணுக்களும் ரத்தக்குழாயின் உட்சுவரும்கூட இதில் இழுபட, த்ராம்பின் வெள்ளமாகப் பெருகுகிறது. தட்டணுக்களின் எண்ணிக்கை குறைவது அவை கட்டிகளுக்குள் செலவழிந்து, ரத்தத்திலிருந்து விரைவாக நீக்கப்படுவதால்தான். குறைந்த எண்ணிக்கை இங்கே பஞ்சத்தின் அடையாளமல்ல, படை புறப்பட்டுப் போய்விட்டதன் அடையாளம்.

சங்கிலி நீளமாக இருந்தால் திரள் எளிதாக உருவாகும். அதனால் பிரிக்கப்படாத பழைய வகை ஹெப்பாரினில் இந்த ஆபத்து அதிகம், குறைந்த மூலக்கூறு எடையுள்ள வகையில் குறைவு. இடுப்பு மூட்டு அறுவை செய்துகொண்டவர்களை வைத்துக் கனடாவின் வார்க்கென்டின் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வில், பழைய வகையைப் பெற்றவர்களில் 2.7 சதவீதத்தினருக்கு இந்நோய் வந்தது. புதிய வகையைப் பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. அறுவை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் ஆபத்து சற்று கூடுதல். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நோய் வந்துவிட்ட பிறகு குறைந்த மூலக்கூறு எடையுள்ள ஹெப்பாரினுக்கு மாறுவது தீர்வல்ல. ஏற்கெனவே உருவாகிவிட்ட எதிர்ப்புரதங்கள் பெரும்பாலும் அதையும் அடையாளம் கண்டுகொள்ளும். முன்பே தடுப்பதற்கு நல்லது, வந்த பிறகு மாற்றுவதற்கு ஆகாது என்ற இந்த வேறுபாடு அடிக்கடி குழம்பிப்போகிறது.

நோய் கண்ணில் படாமல் நழுவுவது எப்படி என்பதை ஒரு ரத்த அறிக்கையை வைத்தே பார்த்துவிடலாம். மூட்டு அறுவைக்கு முன் ஒருவரின் தட்டணுக்கள் 2.6 லட்சம். அறுவைக்கு மறுநாள் 1.9 லட்சம், ரத்த இழப்பால் இப்படிக் குறைவது இயல்பு. ஆறாம் நாள் 3.2 லட்சம், அறுவைக்குப் பின் உடல் கூடுதலாகத் தயாரிப்பதும் இயல்பு. எட்டாம் நாள் 1.55 லட்சம். ஆய்வகத்தின் இயல்பு வரம்பு 1.5 லட்சத்தில் தொடங்குவதால் எட்டாம் நாள் அறிக்கையில் எந்த எச்சரிக்கைக் குறியும் இராது. தாளில் அது ‘இயல்பு’ என்றே நிற்கும். முந்தைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான், இரண்டே நாளில் பாதிக்கு மேல் சரிந்திருப்பது தெரியும். அன்று மாலை கெண்டைக்கால் வீங்கினால் படம் முழுமையாகிறது. எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட எங்கிருந்து எங்கே இறங்கியது என்பதே கேள்வி. இந்நோயில் தட்டணுக்கள் 20,000க்குக் கீழே போவது அரிது, பெரும்பாலும் 50,000, 60,000 வாக்கில் நின்றுவிடும்.

சந்தேகத்தை எடைபோட ‘நான்கு டி’ மதிப்பெண் முறை பயன்படுகிறது. தட்டணுக்கள் எவ்வளவு குறைந்தன, ஹெப்பாரின் தொடங்கி எத்தனையாவது நாள், புதிய கட்டி உண்டா, குறைவுக்கு வேறு காரணம் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 8. மூன்றோ அதற்குக் குறைவோ வந்தால் இந்நோய் இல்லையென்றே ஏறத்தாழ முடிவு செய்துவிடலாம். எதிர்ப்புரதம் உருவாக நாள் பிடிப்பதால் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடைப்பட்ட சரிவே முழு மதிப்பெண் பெறுகிறது. கடந்த 30 நாள்களுக்குள் ஹெப்பாரின் பெற்றவர்களுக்கு மட்டும், எதிர்ப்புரதம் ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பதால், முதல் நாளே சரியலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்காவது கேள்விதான் தலைவலி. அங்கே தொற்று, பிற மருந்துகள், எந்திரங்கள் என்று தட்டணுக்கள் குறைய நூறு காரணங்கள் உண்டு. எதிர்ப்புரதத்தைத் தேடும் எலிசா சோதனை எதிர்மறையானால் நோய் இல்லையென்று நம்பலாம். நேர்மறையானால் மட்டும் நோய் உறுதியாகாது, ஏனெனில் தீங்கு செய்யாத எதிர்ப்புரதங்களும் அதில் தெரியும். தட்டணுக்களை அவை உண்மையில் தூண்டுகின்றனவா என்று பார்க்கும் செரட்டோனின் வெளியீட்டுச் சோதனை துல்லியமானது. ஆனால் சில ஆய்வகங்களில்தான் உண்டு, முடிவு வர நாளாகும். இந்த இடைவெளியில் மதிப்பெண்ணை நம்பித்தான் சிகிச்சை தொடங்க வேண்டும்.

முதல் வேலை ஹெப்பாரினை நிறுத்துவது. சொல்ல எளிது, செய்யும்போது ஹெப்பாரின் எதிர்பாராத மூலைகளிலெல்லாம் ஒளிந்திருக்கும். சொட்டுமருந்துக் குப்பியைக் கழற்றியாயிற்று என்று நினைத்திருக்கும்போது, கையிலுள்ள ஊசிக்குழல் அடைத்துக்கொள்ளாமலிருக்க எட்டு மணி நேரத்துக்கொரு முறை செவிலியர் செலுத்தும் சில மில்லிலிட்டர் நீரில் ஹெப்பாரின் கலந்திருக்கலாம். தமனியில் ரத்த அழுத்தம் அளக்கும் குழலைத் தாங்கும் அழுத்தப் பையில் இருக்கலாம். டயாலிசிஸ் குழலைப் பூட்டும் திரவத்தில் இருக்கலாம். சில மையச் சிரைக் குழல்களின் பூச்சிலேயே உண்டு. ரத்தக்கசிவை நிறுத்தக் கொடுக்கும் சில உறைதல் காரணிச் செறிவுகளிலும் சிறிதளவு சேர்க்கப்பட்டிருக்கிறது. அளவு சிறிதென்று இதில் விட்டுவிட முடியாது. எதிர்ப்புரதத்துக்கு அந்தச் சில துளிகளும் போதும்.

நிறுத்துவதோடு முடித்துக்கொண்டால் அது பாதிச் சிகிச்சை. கட்டி இன்னும் தென்படாத, தட்டணுக் குறைவு மட்டுமே உள்ள நோயாளிகளில் ஹெப்பாரினை நிறுத்திவிட்டு வெறுமனே காத்திருந்தபோது, அடுத்த 30 நாள்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கட்டி உண்டானதை 1996இல் வார்க்கென்டினும் கெல்டனும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எதிர்ப்புரதம் தூண்டிவிட்ட தட்டணுக்கள் ஹெப்பாரின் நின்ற பிறகும் அடங்குவதில்லை. அதனால்தான் கசிவின் ஆபத்து மிக அதிகமாக இல்லாத எல்லோருக்கும் வேறு வகை உறைதல் தடுப்பு மருந்தை உடனே தொடங்கச் சொல்கிறார்கள். வீக்கம் இல்லாவிட்டாலும் இரு கால்களையும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டு தவறுகள் நல்லெண்ணத்தோடு செய்யப்படுகின்றன. ஒன்று, எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு தட்டணுக்களை ஏற்றுவது. கசிவு இருந்தாலோ கசிவு ஆபத்துள்ள அறுவை காத்திருந்தாலோ தவிர அது வேண்டியதில்லை. எரியும் அடுப்பில் விறகை வைப்பது போல அது ஆகக்கூடும். மற்றொன்று இன்னும் கொடியது: ஹெப்பாரினுக்குப் பதில் வார்ஃபரினைத் தொடங்குவது. மாத்திரை, நன்கு பழகியது, ஹெப்பாரினோடு எந்த உறவும் இல்லாதது. அதனால் கை தானாக அதன் பக்கம் போகிறது. ஆனால் வார்ஃபரின் உறைதல் காரணிகளை மட்டும் குறைப்பதில்லை. உறைதலுக்குக் கடிவாளமாக இருக்கும் ‘புரோட்டீன் சி’யையும் குறைக்கிறது. புரோட்டீன் சி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். த்ராம்பினின் மூலப்பொருளான இரண்டாம் காரணி குறைய நாள்கள் ஆகும். நடுவிலுள்ள அந்த இரண்டு மூன்று நாள்களில் த்ராம்பின் வெள்ளம் ஓடிக்கொண்டிருக்க, கடிவாளம் மட்டும் அறுந்திருக்கும்.

விளைவு, காலின் நுண்சிரைகள் முழுக்க உறைந்து, பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருக்கும்போதே விரல்கள் கருத்துப்போவது. சிரைவழி அழுகல் என்று இதைச் சொல்கிறார்கள். அன்றைய அறிக்கையில், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற எண் 4ஐத் தாண்டியிருப்பதும் வழக்கம். மருந்து மிகையாகி ரத்தம் நீர்த்துவிட்டது என்று அது சொல்வதுபோல் தோன்றும், படுக்கையில் விரல்களோ உறைந்துகொண்டிருக்கும். புரோட்டீன் சியைப் போலவே விரைவில் தீரும் ஏழாம் காரணியின் குறைவைத்தான் அந்த எண் காட்டுகிறது. ஆகவே தட்டணுக்கள் 1.5 லட்சத்துக்குத் திரும்பும் வரை வார்ஃபரினைத் தொடங்கக் கூடாது. தெரியாமல் தொடங்கியிருந்தால் வைட்டமின் கே கொடுத்து முறித்துவிட வேண்டும். பிறகு தொடங்கும்போதும் சிறிய அளவில் தொடங்கி, மற்ற மருந்தோடு குறைந்தது ஐந்து நாள் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? மாற்று மருந்துகளின் மூத்த கிளை அட்டையிலிருந்து வருகிறது. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் உறையாததற்குக் காரணம் அதன் உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் என்பது 1884இல் தெரிந்தது. அதன் செயற்கை வடிவமான லெபிருடின் 1998இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. சிறுநீரகம் பழுதானவர்களில் அது தேங்கிக் கசிவை உண்டாக்கியது. மறுமுறை பெற்றவர்களில் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமை வந்தது. 2012இல் உற்பத்தி நின்றது. அதே மூலப்பொருளைப் பார்த்து 20 அமினோ அமிலங்களால் வடிவமைத்த பிவலிருடின் இன்று புழக்கத்தில் இருக்கிறது. ஆன்டித்ராம்பினின் தயவு இதற்குத் தேவையில்லை. த்ராம்பினை இதுவே நேரடியாகப் பிடிக்கிறது. பிடிபட்ட த்ராம்பின் மெல்ல இதை வெட்டிவிடுவதால் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ 25 நிமிடந்தான். இதயத் தமனியைத் திறக்கும் சிகிச்சையிலும், எதிர்ப்புரதம் இருக்கும்போதே தவிர்க்க முடியாத இதய அறுவையிலும் இதுவே பெரும்பாலும் தேர்வு. அங்கே ஓர் எச்சரிக்கை உண்டு: இதய-நுரையீரல் எந்திரத்தின் தேக்கத்திலோ மார்புக் கூட்டிலோ ரத்தம் அசையாமல் நின்றால், அங்குள்ள மருந்தை த்ராம்பின் வெட்டித் தீர்த்துவிடும்; ரத்தம் உறைந்துவிடும். அதனால் அறுவைக் குழுவினர் ரத்தம் ஓரிடத்தில் தேங்காதபடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அர்கட்ரோபன் ஜப்பானில் உருவான சிறு மூலக்கூறு. இதுவும் த்ராம்பினை நேரடியாகத் தடுக்கிறது. கல்லீரலால் நீக்கப்படுவதால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஏற்றது. நிமிடத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 2 மைக்ரோகிராம் என்பது வழக்கமான தொடக்க அளவு. கல்லீரல் பழுதானவர்களுக்கு 0.5 மைக்ரோகிராமும் போதும், இதயம் தளர்ந்தவர்களுக்கும் குறைத்தே தொடங்குகிறார்கள். ரத்தம் உறைய ஆகும் நேரத்தை வேறு முறையில் அளக்கும் ஏபிடிடி சோதனையின் முடிவு தொடக்க மதிப்பைப்போல் ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை இருக்கும்படி சொட்டின் வேகத்தைத் திருத்துகிறார்கள். கடும் நோயில் உறைதல் காரணிகள் ஏற்கெனவே தீர்ந்துபோய் ஏபிடிடி மருந்தில்லாமலே நீண்டிருந்தால், சோதனை ‘போதும், குறை’ என்று தவறாகச் சொல்லும். அதைக் கேட்டு மருந்தைக் குறைத்தால் கட்டி வளரும். அர்கட்ரோபன் ஐஎன்ஆரையும் தானே உயர்த்திவிடுவதால் வார்ஃபரினுக்கு மாறும்போது இன்னொரு குழப்பம் வருகிறது. இரண்டும் சேர்ந்து ஐஎன்ஆர் 4ஐத் தாண்டிய பிறகு அர்கட்ரோபனை நிறுத்தி, 4 முதல் 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் வார்ஃபரினின் உண்மையான பங்கு தெரியும். பிவலிருடினுக்கும் இதற்கும் முறிவு மருந்து கிடையாது. ஆனால் நிறுத்தினால் விரைவில் விலகிவிடும் என்பதால், கால் துண்டிக்கப்படும் நிலையிலோ அறுவை எந்நேரமும் தேவைப்படும் நிலையிலோ இருப்பவர்களுக்கு இவற்றையே தேர்கிறார்கள்.

நிலை சீராக இருப்பவர்களுக்கு இவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. ஹெப்பாரின் சங்கிலியில் ஆன்டித்ராம்பினைப் பிடிக்கும் ஐந்து சர்க்கரைக் கண்ணிகளை மட்டும் செயற்கையாகச் செய்ததுதான் ஃபோண்டாபரினக்ஸ். ஹெப்பாரினின் வேலை செய்யும் துண்டு இருக்கிறது. தொல்லை தரும் நீளம் இல்லை. எதிர்ப்புரதங்கள் இதை அடையாளம் காண்பது மிக அரிது. 50 முதல் 100 கிலோ எடையுள்ளவர்களுக்கு நாளுக்கு ஒருமுறை 7.5 மி.கி. தோலுக்கடியில் போட்டால் போதும், தினசரிச் சோதனை தேவையில்லை. சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால் சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கு ஆகாது. அரை ஆயுள் 17 மணி நேரத்துக்கு மேல் என்பதால் கசிவு வந்தால் எளிதில் அடங்காது. மாத்திரைகளில் ரிவராக்சபனும் அபிக்சபனும் இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்டன. அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நிலை சீராக உள்ள, கசிவு ஆபத்து நடுத்தரமான நோயாளிகளுக்கு இத்தகைய மாத்திரைகளையும் ஏற்றது. கட்டி உள்ளவருக்கு ரிவராக்சபன் என்றால் மூன்று வாரத்துக்கு 15 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை, பிறகு 20 மி.கி. ஒரு வேளை, அபிக்சபன் என்றால் ஒரு வாரத்துக்கு 10 மி.கி. இரண்டு வேளை, பிறகு 5 மி.கி. இரண்டு வேளை. இவற்றைப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் நிறுவவில்லை. நோய் அரிதென்பதால் சிறு நோயாளிக் குழுக்களின் அனுபவமே சான்று. என் பார்வையில், அந்தச் சான்று மெலிந்தது என்றாலும், சொட்டுமருந்தும் மணிக்கணக்குச் சோதனையும் தரும் சிக்கல்களோடு ஒப்பிட்டால் மாத்திரையின் பக்கம் சாய்வது நியாயமே.

கருவுற்றவர்களுக்கு இந்தக் கதவும் பாதி மூடியது. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். புதிய மாத்திரைகளும் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். அவர்களுக்குக் கிடைக்கும் நாடுகளில் டானபராய்டு என்ற ஊசியும், மற்ற இடங்களில் ஃபோண்டாபரினக்சும் கைகொடுக்கின்றன. டயாலிசிஸ் தேவைப்படுபவர்களுக்கு, எந்திரத்துக்குள் மட்டும் ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அது உடலிலுள்ள கட்டிக்கு மருந்தாகாது.

ஹெப்பாரினே பெறாதவர்களிலும் இதே போன்ற எதிர்ப்புரதங்கள் உருவாகலாம் என்பது 2021இல் உலகம் முழுவதும் தெரியவந்தது. அடினோவைரஸை அடிப்படையாகக் கொண்ட சில கோவிட் தடுப்பூசிகளுக்குப் பிறகு, மிக அரிதாகச் சிலருக்கு, மூளைச் சிரைகள் உள்ளிட்ட வழக்கத்துக்கு மாறான இடங்களில் கட்டிகள் தோன்றித் தட்டணுக்கள் சரிந்தன. குறியிலக்கு அதே பிளேட்லெட் காரணி 4. ஹெச்ஐடியில் பெற்ற அனுபவம் கையில் இருந்ததால், ஹெப்பாரினைத் தவிர்த்து வேறு உறைதல் தடுப்பு மருந்து கொடுப்பது, பிறர் ரத்தத்திலிருந்து பெறும் எதிர்ப்புரதத் தொகுப்பான இம்யூனோகுளோபுலினைச் சிரை வழியாகப் பெருமளவில் செலுத்தித் தட்டணுக்கள் தூண்டப்படுவதைத் தணிப்பது என்ற சிகிச்சை சில வாரங்களிலேயே வகுக்கப்பட்டது. அந்த இம்யூனோகுளோபுலின், மற்ற மருந்துகளுக்கு அடங்காத ஹெச்ஐடியிலும் இப்போது பயன்படுகிறது.

சிகிச்சை எத்தனை நாள் என்பது கட்டி உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. கட்டி இருந்தால் வழக்கமாக மூன்று மாதம். இல்லாவிட்டால் தட்டணுக்கள் 1.5 லட்சத்துக்குத் திரும்பி நிலைக்கும் வரையாவது.

எதிர்ப்புரதங்களின் ஆயுளும் இந்நோயின் விந்தைகளில் ஒன்று. அம்மைக்கு எதிரானவற்றைப் போல அவை வாழ்நாள் முழுக்கத் தங்குவதில்லை. பெரும்பாலோரிடம் 100 நாள்களுக்குள் மறைந்துவிடுகின்றன. மறைந்த பிறகு மறுபடி ஹெப்பாரின் பட்டாலும் அவை மறுநாளே பொங்கி எழுவதில்லை. உருவாக மீண்டும் ஐந்து நாளாவது தேவை. ஆகவே ஐந்தாண்டு கழித்து அதே நபருக்கு இதய வால்வை மாற்ற நேர்ந்தால், எதிர்ப்புரதம் இல்லையென்று சோதித்துவிட்டு, அறுவை நடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் ஹெப்பாரின் கொடுத்து, முடிந்ததும் புரோட்டமினால் முறித்து, அதற்கு முன்னும் பின்னும் வேறு மருந்தைப் பயன்படுத்துவதே பிவலிருடினைவிடப் பாதுகாப்பானது என்று வழிகாட்டுதல்கள் கருதுகின்றன. கோப்பில் ‘ஹெப்பாரின் ஆகாது’ என்று மட்டும் இருந்தால் அந்த வாய்ப்பு கண்ணில் படாமலே போகும். நோயின் பெயர், எந்தத் தேதியில் எந்த வகை ஹெப்பாரின், தட்டணுக்கள் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கின, எந்தச் சோதனை செய்யப்பட்டு என்ன முடிவு வந்தது, கட்டி எங்கே இருந்தது என்ற ஐந்து விவரங்கள் இருந்தால், அந்தச் சிவப்பு மை வரியைப் படிக்கும் அடுத்த மருத்துவர் தன் நோயாளி மூன்று பேரில் யார் என்று ஊகிக்க வேண்டியிராது.